சித்திரமேகத்து மன்னன் மகேந்திரவர்மன்

காஞ்சி மாநகரைச் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, புத்தகாஞ்சி, ஜினகாஞ்சி என நான்காகப் பகுத்துரைப்பது முன்னோர் மரபு. நான்காவதாகிய ஜினகாஞ்சி, வேகவதியாற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றமே என்பதை நம் சமூகத்தார் அனைவரும் அறிவர். திரைலோக்யநாதரைத் தரிசிக்க வந்தவாசிப் பக்கத்து ஊர்களிலிருந்து புறப்படும் நம் குடும்பத்தினர், தூசி, மாமண்டூர் ஆகிய ஊர்களை ஒட்டிய வழியாகவே காஞ்சியை அடைகின்றனர். அம்மாமண்டூரில் ஒரு சிறு குன்றும், குன்றைக் குடைந்து செய்த கற்கோயில்களும், குன்றை அணைத்தாற்போல் ஒரு பெரிய ஏரியும் உள்ளன. அந்த ஏரிக்குப் பழங்காலத்தில் சித்திரமேக தடாகம் என்று பெயர். அதனோடு தொடர்புடைய மன்னன் ஒருவனது வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அவன் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். இப்பெயரைக் கேட்ட அளவில் நம்மவருள் பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. அருகன் நெறியில் நின்று, பின் அதனை விட்டு நீங்கியவன் என்றும், பாடலிபுரத்துப் பள்ளியை இடித்தவன் என்றும் அவனைப் பற்றிய நினைவு நம்மிடையே தலைமுறை தலைமுறையாக வந்துள்ளது. அத்தகையோன் வாழ்வை நம் இதழில் எழுதுவானேன் என்று கேட்பாரும் இருக்கக்கூடும். கேட்கட்டும். அவன் நமக்குச் செய்ததை மறைக்காமலும், மண்ணுக்கும் நீருக்கும் அவற்றில் வாழும் உயிர்களுக்கும் செய்ததை மறக்காமலும் எழுத முயல்கின்றோம்.

பல்லவர் குலத்துக்கும் பருத்திக்குன்றுக்கும் உள்ள உறவு மகேந்திரனுக்கு முற்பட்டது. பள்ளன்கோவில் செப்பேடு என்னும் சாசனம், சிம்மவர்ம பல்லவன் தனது 6ஆம் ஆட்சியாண்டில், பருத்திக்குன்றில் எழுந்தருளியிருந்த வச்சிரநந்தி என்னும் குரவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தியைக் கூறுகின்றது. இச்சிம்மவர்மனின் மகன் சிம்மவிஷ்ணு. சிம்மவிஷ்ணுவின் மகனே மகேந்திரன். ஆகவே பாட்டன் காலத்திலேயே அரண்மனைக்கும் ஜினகாஞ்சிக்கும் இடையே வழி திறந்திருந்தது. அதற்கும் முன்னர், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மன் ஒருவனது 22ஆம் ஆட்சியாண்டில், பாடலி என்னும் ஊரில் சர்வநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் நூலைப் பிராகிருதத்தில் இயற்றினார். உலகின் அமைப்பை ஆராய்ந்த அம்மூலநூல் மறைந்துபோயிற்று. சிம்மசூரி முனிவர் வடமொழியில் ஆக்கிய வடிவம் எஞ்சியுள்ளது. பாடலி என்பதைத் திருப்பாதிரிப்புலியூர் என அறிஞர் கொள்வர். இவ்வாறு கற்றோர் நிறைந்த சூழலில் பிறந்த இளவரசன், இளமையில் ஜைன நெறியைப் பின்பற்றினான் என்பது வியப்பன்று.

ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை அவன் ஆண்டான். அவன் பெற்ற பெயர்களைப் பார்த்தாலே ஆளின் இயல்பு விளங்கும். குணபரன், விசித்திரசித்தன், சத்துருமல்லன், லளிதாங்குரன், அவனிபாஜனன், மத்தவிலாசன், சித்திரகாரப்புலி எனப் பலவாறாகத் தன்னை அழைத்துக்கொண்டான். மண்டகப்பட்டுக் குடைவரையில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் ஒரு கோயில் எடுத்ததைப் பெருமையுடன் பொறித்து வைத்தான். தமிழ்நாட்டுக் கட்டடக் கலை வரலாற்றில் அது ஒரு திருப்பம் என்பதைக் கலை நூலார் அனைவரும் எழுதியுள்ளமையால் நாம் விரிக்கவேண்டுவதில்லை. பல்லாவரம், வல்லம், குரங்கணில்முட்டம், தளவானூர், சீயமங்கலம், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களிலும் அவன் காலத்தில் குடைவிக்கப்பெற்ற கோயில்கள் உள்ளன. சித்தன்னவாசல் ஓவியமும் அவன் காலத்ததே என முன்பு பலர் எழுதினர். பின்னர் அங்கே பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்துக் கல்வெட்டுப் படிக்கப்பெற்றது. மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் 9ஆம் நூற்றாண்டில் அக்குகைப்பள்ளியைப் புதுப்பித்த செய்தி அதில் உள்ளது. ஆதலின் அப்பெருமை இளங்கௌதமருக்கே உரியது.

மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகம் ஒன்றை அவன் வடமொழியில் எழுதினான். காஞ்சி நகரத் தெருக்களே அதன் களம். கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தை இழந்து, பௌத்த பிக்கு ஒருவர்மேல் பழிபோட்டு வழக்காடுகின்றான்; பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகின்றான். முடிவில், கபாலத்தில் இருந்த இறைச்சிக்காக அதனை ஒரு நாய் கவ்விச் சென்றது தெரியவருகின்றது. ஜைன முனிவர் எவரையும் அவன் மேடையேற்றி நகையாடவில்லை. காபாலிகன் வாயில் மட்டும் ஓரிரு ஏளனச் சொற்களை வைத்தான். இதனைக்கொண்டு நாடகம் எழுதிய காலத்தில் அவன் நம் நெறியினனே என்று சொல்வாரும் உண்டு. நமக்கு அவ்வளவு உறுதி தோன்றவில்லை.

இனி அவன் ஆண்ட நிலத்தைச் சிறிது பார்ப்போம். அதனை அறியாமல் அவன் செய்த செயலை அளவிட இயலாது. பாலாறு கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, 348 கிலோமீட்டர் ஓடிக் கடலிற் கலப்பது. ஆண்டின் பெரும்பகுதி அதன் மேற்பரப்பு வெறும் மணலே. நீர் மணலுக்கு அடியில் ஊர்ந்து செல்லும். காஞ்சிப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அளவில் அது குறைவன்று. ஆனால் அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். நிலமோ மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரிவது. தடுப்பார் இல்லையேல் சில நாட்களில் மழைநீர் கடலைச் சேரும். மேல்மண்ணையும் உடன் கொண்டுபோகும். இந்நிலம் என்றும் இப்படியே இருந்ததும் இல்லை. ஆறே இடம் மாறியதுண்டு. வடக்கே ஓடும் கொற்றலையாற்றை விருத்தக்ஷீரநதி, அதாவது பழம்பாலாறு என்று வழங்குவது இதனாலேயே. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள களிப்பாறைகளில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இலைகளின் பதிவுகள் கிடைக்கின்றன. அவை இன்று நம் நாட்டில் காணும் நெல்லும் புல்லும் அல்ல. சைக்கஸ் இனத்தை ஒத்த, இப்போது அடியோடு அழிந்துபோன செடிகள். நிலமும் காற்றும் மாற உயிர் மாறிற்று.

உயிர் மாற நிலமும் காற்றும் மாறியதும் உண்டு. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பூமியின் இளமையில் காற்றில் ஆக்சிஜன் இருந்ததில்லை. கடலில் வாழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத நீலப்பசும்பாசி நுண்ணுயிர்கள் கதிரொளியில் உணவு சமைத்து ஆக்சிஜனை வெளிவிட்டன. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றிலே சேரத் தொடங்கியது. அதுவரை வாழ்ந்த உயிர்களுட் பலவற்றுக்கு அது நஞ்சாயிற்று. நாம் விடும் மூச்சோ அதனால் வந்தது. ஓரறிவுயிர் என்று நாம் சொல்லும் எளிய உயிர்கள் ஒரு கோளின் காற்றையே மாற்றிவிட்டன! அமேசான் காட்டு மரங்கள் வேரால் உறிஞ்சி இலையால் ஆவியாக்கும் நீரே, அக்காட்டின்மேல் மீண்டும் பெய்யும் மழையிற் கணிசமான பங்காகின்றது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பீவர் என்னும் கொறிவிலங்கு மரக்கிளைகளாலும் சேற்றாலும் ஓடைக்கு அணை கட்டுகின்றது. அணையின்பின் குளம் உண்டாகிறது. குளத்தைத் தேடி மீனும் தவளையும் பறவையும் வருகின்றன. காலப்போக்கில் வண்டல் நிறைந்து குளமே புல்வெளியாகின்றது. பீவர் இனம் தன் தேவைக்குச் செய்தது, பல உயிர்களின் உறைவிடமாக முடிந்தது.

தொண்டை மண்டலத்து மக்களும் இவ்வாறே அணை கட்டினர். அது மகேந்திரன் தொடங்கியதன்று. காஞ்சிக்குக் கிழக்கே உள்ள தென்னேரிக்குத் திரையனேரி என்னும் பழம்பெயர் வழங்குவதால், அவ்வழக்கம் பல்லவர்க்கும் முற்பட்டதெனத் தெரிகின்றது. ஆயினும் ஏரி வெட்டுதலை அரசனின் அறமாகவும் அரசின் வலிமையாகவும் ஆக்கியவர் பல்லவரே. அவர்களுள் இன்று சாசனத்தோடு நமக்குத் தெரியவருபவன் மகேந்திரன். இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள மகேந்திரவாடியில், தனித்து நின்ற ஒரு பெரும்பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். அக்கோயில் மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்தது என்று தூணில் பொறித்தான். ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே இட்டுக்கொண்டது சிறிது மிகைதான். அரசரிடம் அடக்கத்தை எதிர்பார்ப்பது வீண். மாமண்டூரிலும் அவனுடைய நீண்ட சாசனம் ஒன்று, பெரிதும் சிதைந்த நிலையில் உள்ளது. அங்குள்ள ஏரியைச் சித்திரமேக தடாகம் என்று சோழர் காலத்துக் கல்வெட்டுக் குறிக்கின்றது. குடைவரையோடு ஒட்டியிருப்பதாலும், விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி என்னும் பெயர்களின் சாயல் ஏரிப்பெயரில் இருப்பதாலும், அதுவும் அவன் பணியே என அறிஞர் பலர் கொள்வர். அதே குன்றில் அவனுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிச் சாசனமும் உண்டு. அவன் வருமுன்னரே அது மக்கள் நாடிய இடம் என்பதற்கு அது சான்று. ஏரிக்குச் சித்திரமேகம் என்று பெயர் வைத்தவன் யாராயினும் கவிஞன்தான். மேகம் தரையில் இறங்கித் தங்கினால் ஏரி.

ஏரி என்பது நீர் நிறைந்த பள்ளம் மட்டும் அன்று. சரிவின் குறுக்கே பிறைவடிவில் ஒரு மண்கரை. மிகுநீர் வழியக் கலங்கல். வயலுக்கு நீர் விட மதகு. கரைக்குக் கிழக்கே ஆயக்கட்டு. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கீழேரிக்கு நீர் போகும். இவ்வளவே மனிதன் செய்வது. மீதியைப் பிற உயிர்கள் செய்கின்றன. மழைநீர் கொண்டுவரும் மென்களி அடியிற் படிந்து ஏரித்தரையை இறுக்கும். நீர் நின்று தங்கும். கோரையும் நாணலும் கரையோரம் முளைத்து, காற்றில் எழும் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கும். கரைமேல் நட்ட பனையின் வேர்கள் மண்ணைக் கவ்விப் பிடிக்கும். நண்டும் எலியும் வளைதோண்டிக் கரையை நெகிழ்க்கும்; இவற்றைக் கண்காணிப்பதே கரை காப்போர்க்குப் பாதி வேலை. கோடையில் நீர் வற்றும்போது தவளைகள் சேற்றினடியிற் புகுந்து உறங்கும். வெடித்த ஏரித்தரையில் ஆடுமாடுகள் மேய்ந்து எருவிடும். உழவர் வண்டலை வாரி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பர். மழை மேட்டிலிருந்து கொண்டுவந்த சத்து வயலைச் சேரும், ஏரியும் ஆழம் பெறும். ஊர்க் கிணறுகளில் நீர் ஊறுவதும் ஏரியாலேயே. ஏரி வற்றுவது ஏரியின் நோய் அன்று. வற்றுதலும் நிரம்புதலும் மாறிமாறி வருவதாலேயே அது உயிரோடிருக்கின்றது.

பறவைகளின் பங்கைச் சொல்லாவிடில் இது நிறைவுறாது. மகேந்திரன் காலத்துப் பறவைகளைப் பற்றிச் சாசனம் பேசாது. ஆனால் பாலாற்றுக்குத் தெற்கே, இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கலைப் பார்த்தால் ஏரியும் பறவையும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்க்கின்றன என்பது விளங்கும். தாங்கல் என்பது சிற்றேரிக்கு நம் பக்கத்து வழக்கு. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரியில் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கூழைக்கடா முதலியன ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. மரத்தடியில் நீர் நிற்பதால் நரியும் பூனையும் கூட்டை அணுகா. பறவைகள் சுற்றுப்புற வயல்களிலும் ஏரிகளிலும் இரைதேடி வந்து, தம் எச்சத்தை இவ்வேரி நீரில் இடுகின்றன. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்நீர் வயலிற் பாய்வதால் பயிர் செழிப்பதை உழவர் தம் அனுபவத்தால் அறிந்தனர். ஆகவே பறவைகளைச் சுட வந்த அந்நியச் சிப்பாய்கள்மீது புகார் செய்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயனல் பிளேஸ் துரையிடம் பாதுகாப்பு உரிமை பெற்றனர்; 1858இல் அது மீண்டும் உறுதி செய்யப்பெற்றது. 2022இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகளாவிய முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக வேடந்தாங்கல் சேர்க்கப்பட்டது. கொல்லாமையால் நெல் விளைந்த ஊர் அது என்று நாம் சொன்னால் மிகையாகாது.

ஏரியின் விளைவுகள் எல்லாம் நன்மையே என்று எழுதினால் உண்மைக்கு மாறாகும். நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில், காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. உலகெங்கும் உள்ள நெல்வயல்களிலிருந்து எழும் அவ்வாயு பூமியின் வெப்பத்தைக் கூட்டுவதில் ஒரு பங்கு வகிக்கின்றது.

இங்கே நம் நெறி சார்ந்த ஒரு கேள்வி எழும். ஏரி வெட்டுதல் புண்ணியமா, பாவமா? மண்ணும் நீரும் நமக்குச் சடப்பொருள் மட்டும் அல்ல. மண்ணுடலும் நீருடலும் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது ஜினாகமக் கொள்கை. மண்வெட்டி ஒவ்வொரு முறை விழும்போதும் கணக்கற்ற உயிர் மடிகின்றது. நம் ஆசாரியர்கள் இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகையாகப் பகுத்து, எண்ணித் துணிந்து கொல்லும் சங்கல்ப இம்சையை இல்லறத்தார் முற்றிலும் விலக்கவேண்டும் என்றும், ஏனையவற்றை இயன்றவரை குறைத்துக்கொள்ளவேண்டும் என்றும் வகுத்தனர். ஏரி வெட்டுதல் உத்தியோகத்தில் அடங்குமெனக் கொள்ளலாம். ஆனால் இல்லறத்தார் செய்யத்தகாத கொடுந்தொழில்களை எண்ணுமிடத்து, ஏரி குளங்களை வற்றச் செய்தலைத் தனியே எடுத்துச் சொல்லி விலக்கினர். வெட்டுவதைக் காட்டிலும் வற்றச் செய்வதே அவர்களுக்குப் பெருங்கொடுமையாகத் தோன்றியது. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரத்து ஐந்தாம் அத்தியாயம் இவ்விடத்து நினைக்கத்தக்கது. வெளியும் பருப்பொருளும் போன்ற உயிரற்ற திரவியங்கள் உயிர்களுக்கு எவ்வாறு உதவுகின்றன என்று முதலில் சொல்லி, பின்னரே உயிர்கள் தம்முள் உதவிக்கொள்வதை அது சொல்கின்றது. அம்முறைவைப்பே ஒரு பாடம். நம் இல்லங்களில் நீரை வடிகட்டிய பின், துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தோமோ அதிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று பாட்டிமார் வற்புறுத்தியதும் இதன் தொடர்பே. கிணற்று உயிரை ஆற்றிலும், ஆற்று உயிரைக் குளத்திலும் விட்டால் அது பிழைக்காது என்பது அவர்கள் அறிந்த செய்தி. குழாய் நீர் வந்தபின் அவ்வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் அருகிவிட்டது.

மகேந்திரனிடம் மீள்வோம். அவன் ஆட்சியின் நடுவில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தான். பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கிப்போனதாகப் புலிகேசியின் ஐஹொளே சாசனம் பெருமை பேசுகின்றது. காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில் மகேந்திரன் பகைவரை வென்றதாகப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு சொல்கின்றது. இரண்டும் தத்தம் அரசரைப் புகழ எழுந்தவை. தலைநகர் வீழவில்லை, ஆனால் வடபகுதி நாடு கைவிட்டுப் போயிற்று என்பதே நாம் கொள்ளத்தக்க முடிவு.

இனிக் கசப்பான பகுதிக்கு வருகின்றோம். பாடலிபுரத்துப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயரோடு விளங்கியவர், சூலைநோயுற்றுத் தம் தமக்கையார் திலகவதியாரிடம் சென்று, சைவராகித் திருநாவுக்கரசர் ஆனார். அவரை மன்னன் பலவாறு துன்புறுத்தினான் என்றும், எதனாலும் அவர் அழியாமை கண்டு தானும் சைவனானான் என்றும், பாடலிபுரத்துப் பள்ளிகளை இடித்து அக்கல்லால் திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் என்றும் பெரியபுராணம் கூறும். சேக்கிழார் மன்னன் பெயரைச் சொல்லவில்லை. குணபரன் என்னும் விருதுப்பெயரைக் கோயிற்பெயரோடு ஒப்பிட்டே அவன் மகேந்திரன் என்று துணிந்தனர். அந்நூல் எழுந்தது நிகழ்ச்சிக்கு 500 ஆண்டுகளுக்குப் பின்னர். துன்புறுத்திய கதைகளை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் மதம் மாறியதை மறுக்கவும் இயலாது. திருச்சிராப்பள்ளி மலைக்குடைவரைச் சாசனத்தில், மாறுபட்ட ஒழுக்கத்திலிருந்து திரும்பி இலிங்கத்தை வழிபட்டதை அவனே குறிப்பாகப் பொறித்துள்ளான். அதே சாசனத்தில் காவிரியைப் பல்லவனின் காதலியாக வருணித்து, ஆறுகளை விரும்பும் சிவபெருமான் அவள்மேல் மனம் வைத்துவிடுவாரோ என்று உமையம்மை அஞ்சி மலைமேல் தங்கியதாகக் கற்பனை செய்துள்ளான். சமயம் மாறியபோதும் ஆற்றின்மேல் அவனுக்கிருந்த கண் மாறவில்லை.

பாடலிபுரத்துப் பள்ளியின் அழிவு நமக்கு ஈடற்ற இழப்பு. சர்வநந்தி முனிவர் இருந்து எழுதிய இடம் அது; அங்கிருந்த சுவடிகள் என்னவாயினவோ! எனினும் காஞ்சியில் நம் நெறி அவனால் அழிந்துபோகவில்லை. அவன் மறைந்து ஏறத்தாழ பத்தாண்டு கழித்து, அதாவது கி.பி. 640ஐ ஒட்டி, காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த விகாரங்களையும் எண்பது அளவிலான தேவாலயங்களையும் கண்டதோடு, நிர்க்கிரந்தர் மிகப் பலராக இருந்தனர் என்றும் எழுதிவைத்தார். நிர்க்கிரந்தர் என்றது நம் திகம்பர முனிவர்களையும் அவர்வழி நின்றோரையுமே. மண் வளமானது, முறையாக உழப்படுகிறது, தானியம் மிகுதியாக விளைகிறது, பூவும் கனியும் நிறைந்துள்ளன என்றும் அவர் குறித்தார். ஏரிகள் நிரம்பியிருந்த நாடு அது என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் அயலார் சொல்ல வேண்டியதில்லை. அந்நெல்லே பிக்குகளுக்கும், கோயிற் பரிசனத்துக்கும், நம் சாவகர் இல்லங்கள் வழியே ஆகாரம் கொண்ட முனிவர்களுக்கும் சோறாயிற்று.

கி.பி. 630ஐ ஒட்டி மகேந்திரன் மறைந்தான். அவன் மகன் முதலாம் நரசிம்மவர்மன் 642இல் வாதாபியை வென்றது யாவரும் அறிந்தது. நீர்ப்பணியோ அதற்குப் பின்னும் தொடர்ந்தது. முதலாம் பரமேசுவரவர்மன் காஞ்சிக்கு அருகே கூரத்தில் பரமேசுவர தடாகம் அமைத்து, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் காலால் நீர் கொணர்ந்தான். உத்தரமேரூரில் வயிரமேக தடாகம் எழுந்தது. சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகளில் அவ்வூரார் ஏரிவாரியம் என்னும் குழுவைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறை விரிவாகக் காணப்படுகின்றது. மன்னன் வெட்டினால் போதாது, ஆண்டுதோறும் தூர் எடுப்பார் வேண்டும் என்பதை அவ்வூரார் உணர்ந்திருந்தனர். ஏரிமீன் குத்தகைப் பணத்தைத் தூர்வாரச் செலவிடும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது; அது நமக்கு உவப்பானதன்று, ஆயினும் நடந்தது.

பிற்காலத்தில் மகேந்திரனின் ஏரிகள் இரண்டும் ஓர் அணையால் உறவாயின. 1858இல் வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே கட்டப்பெற்ற அணைக்கட்டிலிருந்து மகேந்திரவாடிக்கு ஒரு கால்வாயும், தூசி மாமண்டூருக்கு ஒரு கால்வாயும், காவேரிப்பாக்கத்துக்கும் சக்கரமல்லூருக்கும் வேறு இரண்டும் பிரிகின்றன. ஆனால் பாலாறு பழைய பாலாறு அன்று. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்ததைக் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. உயிரைக் கொன்று பெற்ற தோலின் கழிவு, இன்னும் பல உயிர்களைக் கொல்லும் நீராயிற்று. மணல் அள்ளியதால் ஆற்றின் அடியில் நீரைப் பிடித்து வைத்த படுகை மெலிந்தது. ஏரிகளுக்குள் சீமைக்கருவேலம் புகுந்தது. ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் நீருக்குள் ஒளி புகாமல் ஆக்சிஜன் குன்ற, மீனும் தவளையும் மடிகின்றன. இவ்விரண்டும் வெளிநாட்டிலிருந்து மனிதன் கொண்டுவந்தவை. தாம் வந்த நிலத்தைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன.

நல்ல மழை ஆண்டில் வாலாஜா அணையிலிருந்து தூசிக் கால்வாய் வழியே நீர் வந்து, மாமண்டூர் ஏரி இன்றும் நிரம்புகின்றது. அருகிலுள்ள உழவர் அதனைத் தூசி மாமண்டூர் ஏரி என்றே அழைக்கின்றனர். சித்திரமேகம் என்னும் பெயர் கல்வெட்டில் மட்டும் தங்கிவிட்டது. மகேந்திரவாடியில் நிலைமை வேறு. அங்கே மன்னன் பெயர் ஊரின் பெயராகவே இருப்பதால், ஏரிநீர்ப் பங்கீட்டைப் பற்றி அவ்வூரார் பேசும்போதெல்லாம் அவன் பெயரும் சேர்ந்தே வருகின்றது.